மூச்சும் மகிழ்ச்சியும்

முன்னுரை

ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று எண்ணியபோது கபடி, கைப்பந்து, ஓட்டப்பந்தயம் ஆகியவை நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி எழுத என்னிலும் வல்லவர் நம் கல்லூரியில் பலர் உளர். எனக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். அது மூச்சை அடக்கி நீருக்குள் மூழ்குவது. எங்கள் ஊரில் அதை முக்குளிப்பு என்போம். இதே செயல் உலக அரங்கில் 'ஃபிரீடைவிங்' என்னும் பெயரில் போட்டி விளையாட்டாக நடைபெறுகிறது. காற்றுக் குடுவை எதையும் முதுகில் கட்டிக்கொள்ளாமல், மேலே இழுத்த ஒரே மூச்சோடு எவ்வளவு ஆழம், எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் என்று பார்ப்பதே அப்போட்டி.

இவ்விளையாட்டில் நான் முதலில் மகிழ்ச்சியை இழந்தேன். பிறகு உயிரையும் இழக்க இருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். இழந்த மகிழ்ச்சி எவ்வாறு திரும்பியது என்பதை உடலியலும் உளவியலும் கூறும் செய்திகளோடு சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிணறு என்னும் பள்ளிக்கூடம்

திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூர் என் ஊர். எங்களுக்குக் கடல் தொலைவு. மரக்காணம் போனால்தான் அலையைக் காணலாம். ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் இராது. ஆனால் பாறையைக் குடைந்து வெட்டிய பெரிய இறங்குகிணறுகள் உண்டு. எங்கள் பெரியப்பாவின் கிணற்றில் கவலை ஓட்டிய காலத்துக் கல்தூண்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. கார்த்திகை மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அக்கிணற்றில் முப்பதடிக்குத் தண்ணீர் நிற்கும்.

எனக்கு நீச்சல் பழக்கியவர் பெரியப்பாதான். முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, படியிலிருந்து தள்ளிவிட்டார். பத்து நாளில் கேன் போயிற்று. ஒரு மாதத்தில் கயிறும் போயிற்று. அதன்பின் நாங்கள் ஆடாத ஆட்டம் இல்லை. உள்நீச்சலில் தொட்டுப் பிடிப்போம். வெள்ளைக் கல்லைப் போட்டுவிட்டு அது அடியைத் தொடுமுன் எடுக்கப் பார்ப்போம். எல்லாவற்றிலும் பெரிய ஆட்டம் மண்ணள்ளி வருவது. அடிவரை போனவன் கை நிறையச் சேற்றோடு மேலே வர வேண்டும். சேறு இல்லாமல் வந்து, "தொட்டுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்பவனை யாரும் நம்பமாட்டார்கள்.

அந்நாளில் எவனும் நேரம் பார்த்ததில்லை. உள்ளே போனவுடன் காதில் ஓர் அமைதி. கண்ணைத் திறந்தால் மேலிருந்து வெயில் பச்சை நிறத்தில் சாய்ந்து இறங்கும். பாறைப் பொந்தில் ஓர் ஆமை இருந்தது. அது என்னை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அந்த ஆமையைப் பார்ப்பதற்காகவே நான் எத்தனையோ முறை மூழ்கியிருக்கிறேன்.

கணக்கு வந்தது, களிப்பு போனது

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குக் கைப்பேசி கிடைத்தது. அதில் விநாடி காட்டும் கடிகாரம் இருந்தது. அன்று முதல் கிணற்றுமேட்டில் ஒருவன் அமர்ந்து நேரம் குறித்தான். முதல் நாள் நான் 58 விநாடி உள்ளே இருந்தேன். அனைவரிலும் அதுவே அதிகம். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தேதி, நேரம், போட்டியாளன் பெயர் எல்லாம் எழுதினேன்.

ஒரு மாதம் நோட்டு எனக்கு நண்பனாக இருந்தது. பிறகு எசமானன் ஆயிற்று. ஒன்றரை நிமிடத்தை எட்டியபின் எண் நகர மறுத்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவன் என்னை 4 விநாடியால் வென்றான். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கிணற்றுக்குப் போகும்போதே வயிற்றில் ஒரு கனம். நீருக்குள் இறங்கியவுடன் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். ஆமை இருந்ததா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. எண்ணிக்கை எண்பதைத் தாண்டுமுன் நெஞ்சு துடிக்கும், மேலே வந்துவிடுவேன். முயற்சி கூடக் கூட நேரம் குறைந்தது.

அப்போது எவனோ ஒரு வழி சொன்னான். மூழ்குமுன் வேகவேகமாக முப்பது முறை மூச்சு இழுத்துவிட்டால் நெடுநேரம் தாங்கலாம் என்றான். ஒரு மாலை, நண்பர்கள் யாரும் வராத நேரத்தில், அதைச் செய்துபார்த்தேன். வழி பலித்தது போலவே இருந்தது. மூச்சுத் திணறவே இல்லை. எண்பது, தொண்ணூறு, நூறு என்று எண்ணியது நினைவிருக்கிறது. மேலே வரத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. அதற்குமேல் நினைவில்லை.

மோட்டாரைப் பார்க்க வந்த பெரியப்பா, நீர்மட்டத்துக்கு மூன்றடி கீழே நான் அசையாமல் கிடப்பதைக் கண்டு வேட்டியோடு குதித்திருக்கிறார். நான் கண் விழித்தபோது படியில் கிடந்தேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, "மூச்சு விடுடா, மூச்சு விடுடா" என்று கத்திக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "கிணத்துல தனியா எறங்காதன்னு ஒனக்கு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்" என்றார். அவர் கை நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன்பின் ஒன்றரை ஆண்டு நான் அக்கிணற்றுப் பக்கமே போகவில்லை. பயந்துவிட்டேன் என்று ஊரார் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் சேர்ந்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாள்தோறும் ரயிலில் வந்துபோகும் நேரத்தில், நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் படித்த பிறகே, பயம் வந்தது பிற்பாடு, மகிழ்ச்சி போனது அதற்கு முன்னரே என்பது விளங்கியது.

உடலுக்குள் நடந்தது என்ன?

மூச்சை அடக்கும்போது நமக்கு ஏற்படும் தவிப்பு, பிராணவாயு குறைவதால் வருகிறது என்றே பலரும் நினைக்கிறோம். அது முழு உண்மையன்று. தவிப்பை முதலில் எழுப்புவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே. அது ஓர் எல்லையைத் தாண்டும்போது மூளை மணியடிக்கிறது, உதரவிதானம் துடிக்கிறது. வேகவேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு வெகுவாக வெளியேறிவிடும். ஆனால் பிராணவாயுவின் இருப்பு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. ஏனெனில் நலமான ஒருவரின் இரத்தத்தில் அது முன்னரே ஏறத்தாழ நிரம்பியிருக்கிறது. ஆகவே வேகமூச்சால் நாம் பெறுவது நெடுமூச்சு அன்று. மணியின் நாவை அறுத்துவிடுகிறோம், அவ்வளவே. பிராணவாயு தீர்ந்து மயக்கம் வரும்போது எச்சரிக்கை எதுவும் இராது.

மேலே வரும்போது மயக்கம் வந்ததற்கும் காரணம் உண்டு. நீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. நுரையீரலில் உள்ள 6 லிட்டர் காற்று 3 லிட்டராகச் சுருங்கும். அவ்வழுத்தத்தால், மிஞ்சியிருக்கும் சிறிதளவு பிராணவாயுவும் இரத்தத்துக்குள் செல்லும். மேலே ஏறும்போது அழுத்தம் விரைந்து குறைகிறது. அதனுடன் நுரையீரலில் பிராணவாயுவின் அழுத்தமும் சரிகிறது. எனவே ஆழத்தில் நன்றாக இருந்தவன் கரைக்கு ஒரு முழம் இருக்கையில் நினைவிழக்கிறான். எங்கள் கிணற்றின் முப்பதடி என்பது ஏறத்தாழ 9 மீட்டர். கடல்தான் ஆபத்து, கிணறு ஆபத்தன்று என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

இனி இவ்விளையாட்டின் தனித்தன்மைக்கு வருவோம். முகம் குளிர்நீரில் படும்போது இதயத் துடிப்பு தானாகவே குறைகிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கிச் சேமிப்பில் உள்ள சிவப்பணுக்களை வெளியேற்றுகிறது. திமிங்கிலத்துக்கும் சீல் என்னும் கடல்நாய்க்கும் உள்ள இவ்வமைப்பு மனிதருக்கும் ஓரளவு உண்டு. இயற்கை தரும் இக்கொடையைக் கெடுப்பவை அச்சமும் பரபரப்பும் ஆகும். பதற்றம் வந்தால் இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, பிராணவாயு வேகமாகச் செலவாகிறது. ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

ஓட்டப்பந்தயத்தில் வெறியோடு ஓடினால் சிறிது முன்னேறலாம். எடை தூக்குவதில் சினமும் உதவலாம். மூச்சடக்கலிலோ வெல்ல வேண்டும் என்னும் வெறியே மூச்சைத் தின்றுவிடுகிறது. நான் எண்ணத் தொடங்கியபின் என் நேரம் குறைந்ததில் வியப்பில்லை. இவ்விளையாட்டில் மகிழ்ச்சி என்பது பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் இனிப்பன்று. அதுவே பயிற்சியின் முதற்படி.

ஊக்கம் ஏன் வற்றுகிறது?

இதே கேள்வியை உளவியலார் வேறு வழியில் ஆராய்ந்துள்ளனர். 1971இல் எட்வர்டு டெசி என்னும் அமெரிக்க அறிஞர் கல்லூரி மாணவர்களிடம் கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு, தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் என்று இடையில் பணம் கொடுத்துப் பின்னர் நிறுத்தினார். நிறுத்தியபின் ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொட்ட நேரம் குறைந்துவிட்டது. பணம் வருமுன் அவர்கள் அதை விளையாட்டாகவே செய்துவந்தனர்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப்பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசுச் சான்று தருவோம் என்று முன்கூட்டியே கூறினர். மற்றொரு பிரிவினருக்குச் சொல்லாமலே கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பரிசு குற்றமன்று, பரிசுக்காகவே செய்கிறோம் என்னும் எண்ணம்தான் ஊற்றை அடைக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

டெசியும் ரிச்சர்டு ரையன் என்பவரும் 1985இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரித்து எழுதினர். அகத்தில் ஊக்கம் நிலைப்பதற்கு மூன்று தேவை என்பது அவர்கள் கொள்கை. முதலாவது, நானே விரும்பித் தேர்ந்தேன் என்னும் உரிமை உணர்வு. இரண்டாவது, என் திறமை வளர்கிறது என்னும் நிறைவு. மூன்றாவது, பிறரோடு சேர்ந்திருக்கிறேன் என்னும் உறவு. என் நோட்டுப் புத்தகம் இம்மூன்றையும் பறித்துக்கொண்டது. இன்று இறங்க வேண்டுமா என்பதை நோட்டு தீர்மானித்தது. எண் கூடாத நாளெல்லாம் எனக்குத் தோல்வி நாள். நண்பர்கள் போட்டியாளர்கள் ஆயினர். கடைசியில் தனியே இறங்கும் அளவுக்குச் சென்றேன்.

முத்துக்குளித்தோர் காட்டிய வழி

மூச்சடக்குதல் மேலைநாட்டார் கண்டுபிடித்த விளையாட்டன்று. நம் தென்கடலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது பிழைப்பாக இருந்தது. கொற்கை முத்தின் புகழ் சங்க நூல்களிலும் அயல்நாட்டார் குறிப்புகளிலும் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் திட்டுகளைப் 'பார்' என்பர். அவை பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் உள்ளன. இந்தியக் கரையில் தூத்துக்குடியும் கீழக்கரையும், இலங்கைக் கரையில் மன்னார்ப் பகுதியும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இலங்கையில் 1905இல் நடந்த குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்குகுளித்தல் அதன்பின்னும் தொடர்ந்தது.

அத்தொழில் நடந்த முறையைப் படித்தபோது என் தவறு எனக்குப் புலப்பட்டது. படகுகள் விடியுமுன் தரைக்காற்றில் புறப்படும். நண்பகலில் கடற்காற்றில் திரும்பும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி விரைவாக இறங்குவார். அடியை அடைந்தவுடன் மேலிருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைக் கூடையில் சேர்த்தபின் குளிப்பவர் கயிற்றை அசைப்பார், மேலிருப்பவர் இழுத்துவிடுவார். இருவர் ஒரு கல்லை முறைவைத்துப் பயன்படுத்தினர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறினார்.

இதில் மூன்று செய்திகள் என்னைக் கவர்ந்தன. ஒன்று, எவரும் தனியே இறங்கவில்லை. கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனராக இருப்பார் என்று கடற்கரை ஊர்களில் சொல்வார்கள். தன் தமக்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதை அவர் மறக்கமாட்டார் அல்லவா? இரண்டு, சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்பவர் இல்லாமல் குளிப்போர் இறங்கமாட்டார்கள். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அரசும் அவருக்கு ஊதியம் கொடுத்தது. அஞ்சும் மனத்தோடு மூழ்கக் கூடாது என்னும் உண்மை அதில் பொதிந்திருக்கிறது. மூன்றாவது மிக முக்கியமானது. சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிப்பது கரையில்தான். இலங்கையில் அரசுக்கு இரு பங்கு, குளிப்போர்க்கு ஒரு பங்கு என்னும் கணக்கெல்லாம் கரைக்கு வந்தபிறகு நடந்தது. நீருக்குள் கைக்குச் சிப்பி, காலுக்கு மணல், உடலுக்குக் கயிறு, அவ்வளவுதான்.

அத்தொழிலை வெறும் இன்பமாக நான் கூறவில்லை. வறுமையும் காதுவலியும் உயிர்ச்சேதமும் நிறைந்த உழைப்பு அது. ஆயினும், வாழ்க்கையே அதை நம்பியிருந்தவர்கள்கூடக் கணக்கைக் கரையில் விட்டுவிட்டு மூழ்கினர். விளையாட்டுக்காக மூழ்கிய நானோ கணக்கை உள்ளே எடுத்துச் சென்றேன்.

இன்றும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். அவர்களுள் ஒருவரான இலட்சுமி மூர்த்தி, கடல்வளம் காத்ததற்காக 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசைப் பெற்றார். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்பது என்று அப்பெண்கள் தாங்களே வரையறை செய்துகொண்டனர். இன்று போதும் என்று சொல்லத் தெரிவதும் ஒரு திறமைதான்.

போட்டிக் களத்தில் கண்டவை

அப்படியானால் போட்டியே கூடாதா என்று கேட்கலாம். அவ்வாறு நான் கருதவில்லை. பிரெஞ்சு நாட்டு வீரர் ஜாக் மயோல் 1976இல் இத்தாலியின் எல்பா தீவருகே 100 மீட்டர் ஆழத்தைத் தொட்டார். எடை பொருத்திய வண்டியைப் பற்றி அவர் இறங்கினார் என்றாலும், ஒரே மூச்சில் அவ்வாழத்தை எட்டிய முதல் மனிதர் அவரே. அவர் யோகப் பயிற்சியில் ஆழ்ந்தவர். உடலை வருத்துவதைக் காட்டிலும் மனத்தைத் தளர்த்துவதையே பெரிதாகக் கொண்டார்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியவர் ரஷ்ய நாட்டு நத்தாலியா மொல்சனோவா. 1962இல் பிறந்த இவர் இளமையில் துடுப்புநீச்சல் வீராங்கனை. மக்கட்பேற்றுக்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போட்டியை விட்டு விலகியிருந்தார். நாற்பது வயதில் மூச்சடக்கி மூழ்குவதைத் தொடங்கி 41 உலகச் சாதனைகள் படைத்தார். 2009இல் 101 மீட்டர் மூழ்கினார். 2013இல் நீரில் அசையாமல் 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கினார். ஒன்றையே உற்று நோக்காமல் கவனத்தை எங்கும் பரவவிடும் முறையை அவர் தம் மாணவர்க்குக் கற்பித்தார். கிணற்றில் வெயிலையும் ஆமையையும் பார்த்திருந்த நாள்களில் நான் அறியாமலே செய்துவந்தது அதுதானே என்று எனக்குத் தோன்றியது. அத்தகைய வீராங்கனையும் 2015 ஆகஸ்டு 2ஆம் நாள் ஸ்பெயினின் ஃபோர்மென்டரா தீவருகே மூழ்கியவர் திரும்பவில்லை. அவருடைய உடலும் கிடைக்கவில்லை. கடல் யாருடைய சாதனைப் பட்டியலையும் படித்துப் பார்ப்பதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்குவது. 2013 நவம்பர் 17ஆம் நாள் பஹாமாஸ் தீவுகளில் நடந்த போட்டியில், அமெரிக்க வீரர் நிக்கோலஸ் மெவோலி 72 மீட்டர் தொட முயன்றார். 68 மீட்டர் அளவில் திரும்பத் தொடங்கியவர் மனம் மாறி மீண்டும் கீழே சென்றார். மேலே வந்தார், சிறிது நேரத்தில் நினைவிழந்தார், உயிர் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 32. நான்கு மீட்டர்! என் நான்கு விநாடியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

1992இல் தோன்றிய ஐடா என்னும் பன்னாட்டு அமைப்பின் விதிகள் இவ்விடத்தில் அறியத்தக்கன. எவ்வளவு ஆழம் என்பதை வீரரே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். ஆழத்தைத் தொட்டுவிட்டால் மட்டும் போதாது. மேலே வந்து 15 விநாடிக்குள் முகக்கண்ணாடியைக் கழற்றி, கையால் குறிகாட்டி, "நான் நலம்" என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினாலோ நினைவிழந்தாலோ சிவப்பு அட்டைதான். அதாவது, ஆழத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. நலமாகத் திரும்புவதற்கே மதிப்பெண். மண்ணோடு மேலே வந்தவனையே நம்பும் எங்கள் கிணற்றுச் சட்டத்துக்கு இது சற்று மேலானது.

நான் மீண்ட வகை

இவற்றையெல்லாம் படித்ததனால் மட்டும் நான் நீரில் இறங்கிவிடவில்லை. என்னை இறக்கியவள் என் தங்கை. எட்டாம் வகுப்பில் படித்த அவள் ஒரு கோடை விடுமுறையில், "எனக்கு நீச்சல் கத்துக் கொடுண்ணா" என்று பிடிவாதம் பிடித்தாள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய கயிற்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

முதல் வாரம் நான் படியிலேயே நின்றேன். இரண்டாம் வாரம் இடுப்பளவு நீரில் நின்று அவள் வயிற்றைத் தாங்கினேன். அவள் கையைக் காலை உதறினாள், தண்ணீர் குடித்தாள், சிரித்தாள். அவளுக்கு முன்னேற்றம் என்றால், நேற்று மூன்று கை வீசினேன், இன்று ஐந்து என்பதுதான். அவளோடு இருக்கையில் யாரையும் வெல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் அவளுடைய காதணி ஒன்று கழன்று விழுந்துவிட்டது. "அம்மா அடிப்பாங்கண்ணா" என்று அழுதாள். படியை ஒட்டிய மேடைப் பாறையில், பத்தடி ஆழத்தில் அது மின்னியது.

கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி மறுமுனையை அவளிடம் கொடுத்தேன். பெரியப்பா மேட்டில் நின்றார். அமைதியாக மூச்சு விட்டேன். நிதானமாக ஒரு மூச்சு இழுத்து இறங்கினேன். எண்ணவில்லை. பச்சை வெயில் அப்படியே இருந்தது. காதணியை எடுத்துத் திரும்பியபோது பொந்தின் வாயில் ஆமையைக் கண்டேன். பழைய ஆமைதானா என்று சொல்ல முடியாது. என்னை மதிக்காததில் மட்டும் மாற்றமில்லை. மேலே வந்ததும் தங்கை, "எவ்ளோ நேரம் இருந்தேன்னு தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது, நான் கயித்தத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் வைத்த போட்டியில் கலந்துகொண்டேன். பெரியப்பாவும் நாங்களும் சேர்ந்து விதிகளை மாற்றியிருந்தோம். மூன்றாவதாகத்தான் வந்தேன். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் கிணற்று விதிகள்

நம் மாணவர்களில் கிணற்றிலும் ஏரியிலும் நீந்துவோர் பலர் இருப்பதால், நாங்கள் இன்று பின்பற்றும் விதிகளை இங்கே தருகிறேன்.

1. தனியே மூழ்கக் கூடாது. ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே; மேலிருப்பவர் காப்பாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

2. மூழ்குமுன் வேகமூச்சு இழுக்கக் கூடாது. இயல்பான மூச்சே போதும்.

3. நீருக்குள் இருந்த நேரத்தைப்போல் இரு மடங்காவது மேலே இளைப்பாற வேண்டும்.

4. காது வலித்தால் மேலும் இறங்கக் கூடாது, அன்றைக்கு அவ்வளவே.

5. மேலே வந்தவரை அரை நிமிடம் கண்காணிக்க வேண்டும். வந்துவிட்டான் என்று திரும்பிவிடும் நேரத்தில் மயக்கம் வரலாம்.

6. மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே தூக்கி, கன்னத்தைத் தட்டி, மூச்சு விடும்படி உரக்கச் சொல்ல வேண்டும். மூச்சு வராவிடில் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, 108க்குச் சொல்ல வேண்டும்.

7. நேரம் குறிப்பவர் குறிக்கட்டும். மூழ்குபவர் அதைக் கரைக்கு வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டில் மகிழ்ச்சியே திறமைக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படை என்பதும், கணக்கும் பரிசும் கரையில் இருக்கும்வரை தீங்கில்லை, நீருக்குள் வந்தால் கேடு என்பதும் தெளிவாகும். இது நீருக்கு மட்டும் உரிய உண்மையா என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணுக்காகவே புத்தகத்தைத் திறக்கும் நாளில் புத்தகத்தில் உள்ளதை நாம் பார்ப்பதில்லை. நான் ஆமையைப் பார்க்காமல் போனதைப் போலத்தான்.

என் நோட்டுப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைக் கிழித்தெறிய மனம் வரவில்லை. மீதமிருந்த பக்கங்களில் என் தங்கை கணக்குப் போட்டுப் பழகுகிறாள். கோடை வந்தால் நாங்கள் இருவரும் கிணற்றுக்குப் போகிறோம். இப்போது அவளும் மூழ்குகிறாள். அவள் இறங்கும்போது கயிறு என் கையில்.